அக்கரையின் காயமும் இக்கரையின் கடமையும்



மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு நமது அறக்கட்டளை ஏதாவது செய்ய முற்படும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. சிலர் நேராகவே கேட்கிறார்கள். சிலர் ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் அருகில் வந்து மெதுவாகக் கேட்கிறார்கள். "1990இல் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் நம் மக்களை உடுத்திய துணியோடு விரட்டியவர்கள் இவர்கள்தானே? நம் சதகா ஏன் அங்கே போக வேண்டும்?"

கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி வரை நம் ஊர்களில் பாட்டனார் காலத்தில் கொழும்பிலோ மன்னாரிலோ கடை வைத்திருந்தவர்கள் உண்டு. கொள்வினை கொடுப்பினை இருந்த குடும்பங்களும் உண்டு. அங்கே நடந்தது இங்கே செய்தியாக மட்டும் வந்து சேரவில்லை. எனவே, 'அப்படியெல்லாம் பேசக்கூடாது' என்று வாயை அடைத்துவிட்டுப் போகாமல், அந்தக் கேள்வியையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நடந்தது என்ன?

பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் முதலில் வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். 1990 ஜூனில் இலங்கை அரசுப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3 வெள்ளிக்கிழமை இரவு, கிழக்கே காத்தான்குடியில் இஷா தொழுகையில் நின்றவர்கள் மீது மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். குண்டு துளைத்த சுவரை இன்றும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் அதே போன்ற கொலைகள் நடந்தன.

அக்டோபரில் வடக்கின் முறை வந்தது. யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களில் புலிகளின் பிடியில் இருந்த இடங்களிலிருந்து எல்லா முஸ்லிம்களும் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். யாழ்ப்பாண நகரில் அக்டோபர் 30ஆம் தேதி ஒலிபெருக்கி கட்டி, உஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்து மைதானத்துக்கு எல்லோரையும் வரச் சொன்னார்கள். இரண்டு மணி நேர அவகாசம். கையில் 150 ரூபாயும் கொஞ்சம் துணியும் கொண்டு போகலாம் என்றார்கள். நகைகளைக் கழற்றி வாங்கினார்கள், பெண்களின் தோடுகூடத் தப்பவில்லை. மன்னார் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களின் மக்கள் கடற்கரைக்கு வந்து, படகுகளில் தெற்கே கற்பிட்டிக்குப் போனார்கள். பருவமழைக் காலம் அது. மொத்தம் 70,000க்கும் மேற்பட்டோர் இரண்டு வாரங்களுக்குள் வீடு, வயல், தோணி, பள்ளிவாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் தென்னோலைக் குடிசைகளில் இருபது வருடம் வாழ்ந்தார்கள்.

புத்தளம் மக்கள் முதலில் சோறும் இடமும் கொடுத்துத் தாங்கினார்கள். பிறகு கிணற்றுத் தண்ணீர், பள்ளிக்கூட இடம், கூலிவேலை என்று பூசல்கள் வந்தன. இத்தனைக்கும் இரு தரப்பும் முஸ்லிம்கள், பேசுவதும் ஒரே தமிழ். அன்சாரிகள், முஹாஜிர்கள் வரலாற்றை மிம்பரில் சொல்வது எளிது. இருபது வருடம் கிணற்றைப் பங்கு போட்டவர்களிடம் கேட்டால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

இது அநியாயம். இதற்கு வேறு பெயர் கிடையாது. இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டே சமாதானம் பேசுவது வீண் வேலை.

அதே மாதங்களில் நம் கரையில் என்ன நடந்தது? அந்தப் போர் தொடங்கியபின் ஓராண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் இராமேஸ்வரம் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். குண்டுவீச்சுக்கும் இராணுவச் சுற்றிவளைப்புக்கும் அஞ்சி, மன்னார்ப் பகுதியிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அதாவது மன்னாரிலிருந்து முஸ்லிம் தெற்கே கற்பிட்டிக்கு ஓடிய அதே பருவத்தில், அவனுடைய பக்கத்து வீட்டு இந்துவும் கிறிஸ்தவனும் மேற்கே நம் பக்கம் ஓடிவந்துவிட்டார்கள். மண்டபத்தில் நாம் பார்க்கும் குடும்பங்களில் பல, முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாளில் மன்னாரிலேயே இல்லை. 2022 மார்ச் 22ஆம் தேதியிலிருந்து பொருளாதார நெருக்கடியால் அரிச்சல்முனை மணல்திட்டுகளில் வந்து இறங்கியவர்களில் பலர் 1990இல் பிறக்கவே இல்லை. 'இவர்கள்தானே' என்ற சொல்லை வைத்துத்தான் கேள்வி கேட்கப்படுகிறது. அந்தச் சொல் உண்மைக்கு முன் நிற்காது.

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி. ஃபாத்திர் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து தவறச் செய்யக்கூடாது என்று அல்மாயிதாவின் 8ஆம் வசனம் எச்சரிக்கிறது. அந்த வசனம் 'வெறுக்காதீர்கள்' என்று தொடங்கவில்லை. வெறுப்பு வரும் என்று வைத்துக்கொண்டே, நீதியை விடாதே என்கிறது. விரட்டப்பட்டவனிடம் 'மனதில் கசப்பே இருக்கக் கூடாது' என்று இஸ்லாம் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

தன் தரப்பைத் திருத்தியவர்கள்

நம் பகுதியின் மதநல்லிணக்கம் பற்றிப் பேசினால் மேடையில் எல்லோரும் எடுக்கும் உதாரணம் ஒன்று உண்டு. டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வாப்பா ஜைனுலாப்தீன் மரைக்காயரும், இராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும் நண்பர்களாக இருந்தது. இருவரும் அவரவர் உடையில் அமர்ந்து ஆன்மிகம் பேசிக்கொள்வார்கள் என்று கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அழகான செய்திதான். ஆனால் நட்பாக இருந்த காலத்தைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அதே நூலில் அதற்கு அடுத்தபடியாக வரும் செய்திதான் நமக்குப் பாடம்.

கலாம் ஐந்தாம் வகுப்பில் தொப்பியோடு முன்வரிசையில், சாஸ்திரிகளின் மகன் இராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வந்த ஆசிரியருக்கு அர்ச்சகர் மகனும் முஸ்லிம் பையனும் ஒன்றாக இருப்பது பொறுக்கவில்லை. கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பிவிடுகிறார். இரண்டு பிள்ளைகளும் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். அந்த ஆசிரியரை அழைத்துவரச் சொல்லி, குழந்தைகள் மனதில் இந்த விஷத்தை விதைக்காதீர்கள் என்ற பொருளில் கண்டித்து, மன்னிப்புக் கேட்க வேண்டும் இல்லையேல் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றவர் யார்? கலாமின் வாப்பா அல்ல. லட்சுமண சாஸ்திரிகள். ஆசிரியர் வருந்தினார், மாறினார்.

அதையே ஜைனுலாப்தீன் மரைக்காயர் போய்க் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'துலுக்கர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்' என்று ஊர் இரண்டாகியிருக்கும். தவறு செய்தவரின் தரப்பிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து நின்றதால்தான் அது ஒரு நாளில் முடிந்தது.

அக்கரையிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். மன்னாரில் வெளியேற்ற உத்தரவு வந்தபோது, கத்தோலிக்கக் குருமார்களும் தமிழ் அயலவர்களும் புலிகளிடம் போய், வேண்டாம் என்று கேட்டார்கள். கேட்டது நடக்கவில்லை. துப்பாக்கி இல்லாதவர்கள் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம், அதுவும் பிற சமூகத்துக்காகக் கேட்டார்கள் என்பது சிறிய விஷயம் அல்ல. பின்னாளில், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர் ம.ஆ. சுமந்திரன், நடந்தது இனச்சுத்திகரிப்பு என்றே வெளிப்படையாகச் சொன்னார். அதற்காகத் தம் சொந்த மக்களிடமே வசவு வாங்கினார். பலர் வாயே திறக்கவில்லை என்பதும் உண்மை. விட்டுப்போன வீடுகளில் ஓடு, கதவு, நிலை எல்லாம் காணாமற்போனதும் உண்மை.

நம் தரப்பு

இங்கேயே பாடத்தை முடித்துக்கொண்டால் படிக்கிற நமக்கெல்லாம் சுகமாக இருக்கும். ஆனால் நியாயத்தராசுக்கு இரண்டு தட்டு உண்டு.

காத்தான்குடி, ஏறாவூர் நடந்த அதே 1990 ஆகஸ்ட்டில், சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் அரசு ஆயுதம் கொடுத்திருந்த முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கு இருந்தது என்று அங்குள்ள தமிழர்கள் இன்றளவும் சொல்கிறார்கள், ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். நம் பயான்களில் காத்தான்குடியைக் கேட்டிருக்கிறோம். வீரமுனையை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், மூன்று பெரிய ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற தமிழ்ப் பிள்ளைகள் பலர். செய்தவர்கள் தொழுகையாளிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள். தலைவனாக இருந்தவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். தொழுகையில் நின்றவர்களைச் சுட்ட வேதனை எது என்று உலகிலேயே நன்றாகத் தெரிந்த ஊர் அது. அங்கே பிறந்த ஒருவன், ஆராதனையில் நின்றவர்களைக் கொல்ல ஆள் அனுப்பினான்.

அன்று இலங்கை ஜம்இய்யத்துல் உலமா எடுத்த முடிவு குறிப்பிடத்தக்கது. தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களை எந்த மையவாடியிலும் ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். அந்தக் குழுவைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டிப் புகார் கொடுத்திருந்தார்கள் என்பதும் பிறகு வெளிவந்தது. அப்படியிருந்தும் மே மாதம் நீர்கொழும்பு, மினுவாங்கொடை பகுதிகளில் ஒரு குற்றமும் அறியாத முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. 'இவர்கள்தானே' என்ற அதே சொல் அங்கே நம்மை நோக்கித் திரும்பியது. நமக்கு எதிராக எழும்போது அது அநியாயம் என்று உடனே புரிகிறது.

பனூ ஜதீமா

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் பின். நபி (ஸல்) அவர்கள் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களைப் பனூ ஜதீமா என்ற கோத்திரத்தாரிடம் அனுப்புகிறார்கள். போரிட அல்ல, இஸ்லாத்துக்கு அழைக்க. அந்த மக்களுக்கு 'இஸ்லாத்தை ஏற்றோம்' என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 'மதம் மாறினோம்' என்ற பொருள்படும் வேறொரு வார்த்தையைச் சொன்னார்கள். காலித் (ரலி) அதை ஏற்கவில்லை. கைதிகளைக் கொல்லும்படி கட்டளை பிறந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள், என் கைதியை நான் கொல்லமாட்டேன், என் தோழர்களும் கொல்லமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். இது புகாரியில் வரும் செய்தி. அந்தக் கோத்திரத்தின் மீது அறியாமைக் காலத்துப் பழைய இரத்தப்பகை ஒன்று இருந்ததாகவும் சீறா நூல்கள் கூறுகின்றன.

செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியது. கைகளை உயர்த்தி, காலித் செய்ததிலிருந்து தாம் விலகியிருப்பதாக அல்லாஹ்விடம் இரண்டு முறை சொன்னார்கள். கொல்லப்பட்டவர்கள் எதிர்த்தார்களா, அவர்கள் செய்தது என்ன, போர்ச்சூழல் எப்படியிருந்தது என்ற பேச்சுக்கே போகவில்லை. தம் சொந்தப் படைத்தலைவரின் செயலை எல்லோரும் அறிய மறுத்தார்கள்.

அதோடு நிற்கவும் இல்லை. அலி (ரலி) அவர்களிடம் பொருளைக் கொடுத்து அந்த மக்களிடம் அனுப்பினார்கள். அலி (ரலி) ஒவ்வோர் உயிருக்கும் இரத்த ஈடு கொடுத்தார்கள். சேதமான ஒவ்வொரு பொருளுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். நாய் தண்ணீர் குடிக்கும் மரச்சட்டிக்குக்கூட ஈடு கொடுத்தார்கள் என்று இப்னு ஹிஷாமின் சீறாவில் இருக்கிறது. கடைசியில், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள். மிச்சப் பணத்தையும் அவர்களிடமே கொடுத்து, நமக்கும் உங்களுக்கும் தெரியாமல் விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அதற்காக என்றார்கள். திரும்பிவந்து சொன்னபோது நபி (ஸல்) அவர்கள், நன்றாகச் செய்தீர் என்று மெச்சினார்கள்.

இந்த நிகழ்ச்சியை நம் மதரஸாப் பிள்ளைகள் அதிகம் கேட்டிருக்கமாட்டார்கள். காலித் (ரலி) அவர்களின் வெற்றிகளைச் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை. அவர்கள் மீதுள்ள மரியாதை குறைந்துவிடும் என்ற பயமாக இருக்கலாம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் காலித் (ரலி) அவர்களைத் தூக்கி எறிந்துவிடவில்லை. பின்னும் பொறுப்புகள் கொடுத்தார்கள். ஒருவரை வைத்துக்கொண்டே அவர் செயலை மறுக்கலாம் என்பது இதில் அடங்கியிருக்கிறது. 'நம்ம ஆளை விட்டுக்கொடுக்கலாமா' என்று பஞ்சாயத்துகளில் கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இப்போது இதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு அக்கரையைப் பாருங்கள். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 10ஆம் தேதி கிளிநொச்சியில் நடந்த பெரிய பத்திரிகையாளர் கூட்டத்தில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். மூன்று நாள் கழித்துப் பிரபாகரனும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். வடக்கு முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்று அதில் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த அந்த வார்த்தை பலருக்கு ஆறுதல் தந்தது என்பதை மறுக்க வேண்டாம். ஆனால் கணக்குப் பார்க்க யாரும் வரவில்லை. எந்த வீடு, எத்தனை பவுன், எந்தத் தோணி என்று கேட்டு யாரும் எழுதவில்லை. அந்த ஜூன் மாதமே கிழக்கில் வாழைச்சேனைப் பக்கம் தமிழர், முஸ்லிம் மோதல் வெடித்தது. 2006இல் மூதூர் முஸ்லிம்கள் போரில் சிக்கி மீண்டும் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று.

2009இல் போர் முடிந்தபின் திரும்பிப்போனவர்களுக்கு வேறு சங்கடங்கள். முசலிப் பகுதியில் இருபது வருடத்தில் ஊரே காடாகிக் கிடந்தது. அதில் ஒரு பகுதியை அரசு ஒதுக்குக்காடு என்று அறிவித்துவிட்டது. தன் பாட்டன் வயலை வெட்டித் திருத்தியவன் காட்டை அழித்தான் என்று பத்திரிகைகளில் பேசப்பட்டான். விரட்டியபோது இரண்டு குழந்தைகள் இருந்த குடும்பத்தில், திரும்பும்போது நான்கு குடும்பங்கள். ஒரு வளவை நான்காக எப்படிப் பிரிப்பது? யாழ்ப்பாணத்தில் பலர் காணியை விற்றுவிட்டுப் புத்தளத்துக்கே திரும்பினார்கள். மன்னிப்பு என்ற சொல்லுக்கும், மரச்சட்டிக்கும் ஈடு என்ற கணக்குக்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

நல்லதும் நடந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் இலங்கை அரசு, நோயால் இறந்த எல்லோரையும் எரித்தே தீர வேண்டும் என்று ஆணையிட்டது. 2020 டிசம்பரில் பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. அப்போது கொழும்பு பொரளை மயானத்தின் வாயிற்கதவில் கஃபன் துணியின் நினைவாக வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டியவர்களில் சிங்களவர், தமிழர், கிறிஸ்தவக் குருமார் எல்லோரும் இருந்தார்கள். 2021 பிப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடத்திய நடைபயணத்தில், ஜனாஸாவை எரிக்காதே என்பதும் ஒரு கோரிக்கை. வழியில் முஸ்லிம் ஊர்கள் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து வரவேற்றன. 1990க்குப் பிறகு அந்தப் பாதையில் அப்படி ஒரு காட்சியை எதிர்பார்த்தவர்கள் குறைவு.

அந்த மாதம் 26ஆம் தேதி அடக்கம் செய்ய அனுமதி வந்தது. அதற்கு அரசு முதலில் காட்டிய இடம் இரணைதீவு. பல வருட இடப்பெயர்வுக்குப் பிறகு அப்போதுதான் திரும்பியிருந்த தமிழ்க் கத்தோலிக்க மீனவர்களின் தீவு அது. அவர்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம் மையத்து வேண்டாம் என்று அவர்கள் சொன்னதாக இங்கே சிலர் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். அவர்கள் கேட்டது, எங்கள் தீவை எங்களைக் கேட்காமல் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதுதான். அவர்கள் இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம். இறுதியில் கிழக்கே ஓட்டமாவடியில் இடம் அமைந்தது. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள், அவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் உண்டு. கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

முதல் கேள்விக்கு வருவோம்

சதகா கொடுக்கலாமா? கொடுக்கலாம். இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்களிடம், இணைவைப்பவராக இருந்த அவர்களுடைய தாயார் குறைஷியருடன் உடன்படிக்கை இருந்த காலத்தில் வந்தார். சேர்த்துக்கொள்ளலாமா என்று அஸ்மா (ரலி) தயங்கிக் கேட்டபோது, தாயோடு உறவைப் பேணச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். மக்காவாசிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டிச் சொத்தைப் பறித்த காயம் ஆறாதிருந்த காலம் அது என்பதை மறந்துவிட வேண்டாம். நம்மோடு போரிடாத, நம்மை வீட்டைவிட்டு வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று அல்மும்தஹினாவின் 8ஆம் வசனம் கூறுகிறது. மண்டபத்தில் இருப்பவர்கள் நம்மை வெளியேற்றியவர்கள் அல்ல, வெளியேற்றப்பட்டவர்கள்.

ஜகாத் வேறு. அதை முஸ்லிம் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும் என்பது நான்கு மத்ஹபுகளின் பொதுவான நிலை. ஃபித்ராவில் ஹனஃபி மத்ஹபில் இடம் உண்டு, ஷாஃபியில் இல்லை. நம் கரையோர ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி என்பதால், ஜகாத்தையும் ஃபித்ராவையும் தனியாகவும் சதகாவைத் தனியாகவும் உறையில் போட்டு, மேலே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அறக்கட்டளையில் கணக்கும் தனித்தனியாகவே வைக்கப்படும். சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

முகாம் குடும்பங்களுக்கு அரசின் உதவித்தொகையும் அரிசியும் உண்டு. 2021இல் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். ஆனால் முப்பது, நாற்பது வருடம் இங்கே இருந்தும், இங்கேயே பிறந்தும், குடியுரிமை இல்லாதவர்கள் பலர். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் முஸ்லிம்களுக்கு இடமில்லை என்று நாம் தெருவில் நின்றோமே, அதே சட்டத்தில் இவர்களுக்கும் இடமில்லை. வழக்கு, விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை என்று அவர்கள் அலையும்போது கூடப்போய் நிற்க ஒரு வழக்கறிஞரோ, படிவம் நிரப்பித்தர ஒரு கல்லூரிப் பிள்ளையோ கிடைத்தால், ஒரு மூட்டை அரிசியைவிட அது பெரிய உதவி.

வீட்டில் இதைப் படிக்கும்போது பிள்ளைகளிடம் இரண்டைக் கேளுங்கள். லட்சுமண சாஸ்திரிகள் எழுந்து நின்றதுபோல், நம் தெருவில், நம் பள்ளிக்கூடத்தில், நம்மவர் ஒருவர் பிற சமூகத்தவரிடம் தவறாக நடந்தபோது நாம் என்ன செய்தோம்? அலி (ரலி) கேட்டதுபோல், நம் வீட்டில் கொடுக்க வேண்டிய பாக்கி யாரிடமாவது இருக்கிறதா? வாடகை முன்பணம், கூலி, எல்லைக்கல், கடன் என எதுவானாலும் சரி, அவர் எந்த மதத்தவரானாலும் சரி. இரண்டாவதற்குப் பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

முகாமுக்குப் பொருள் கொடுக்க விரும்புவோர் நேராகக் கொண்டுபோக வேண்டாம். முகாம் அலுவலகத்தின் அனுமதி பெற்றுத்தான் உள்ளே கொடுக்க முடியும். பள்ளிக்கூட நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், பாய், போர்வை, பெண்களுக்கான சுகாதாரப் பொருட்கள் ஆகியவை எப்போதும் தேவைப்படுகின்றன. பழைய துணி வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. கொடுக்கும்போது புகைப்படம் எடுப்பதில்லை. பெட்டிக்குள் மார்க்கப் பிரசுரம் எதையும் வைக்க வேண்டாம். வெளியே கொடுப்பவர் பெயரும் வேண்டாம், என்ன பொருள், எத்தனை என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.